எழுத்தளவும் எழுத்திடமும் குறித்த சொற்றொகை: ஆங்கிலச் சொல்தேடலும் தொல்காப்பிய எண்ணுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

இத்தனை எழுத்துடையது, இன்ன எழுத்தை இன்ன இடத்தில் பெற்றது என வரையறுத்துச் சொற்களைத் தொகுக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் சொல்விளையாட்டுகளை ஒட்டி வளர்ந்தது. தமிழில் இதனையொத்த தொகைகள் எழுத்திலக்கணத்தின் உள்ளேயே இடம்பெற்றுள்ளன. இவ்விரு தொகுப்புமுறைகளிலும் எண்ணப்படும் அலகு எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஒற்றை எண்ணியும் செய்யுளியலில் எண்ணாதும் செல்வதை அகச்சான்றுகளால் நிறுவி, அவ்வேறுபாடு இன்றைய கணினிவழிச் சொல்தேடலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: ஓரெழுத்தொருமொழி, தொடர்மொழி, ஒற்று, மொழியிறுதி, குற்றியலுகரம், எதுகை, ஒருங்குறி

முன்னுரை

ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டறிய வேண்டிய ‘வேர்டில்’ என்னும் ஆங்கிலச் சொல்விளையாட்டு, ஜோஷ் வார்டில் என்பவரால் உருவாக்கப்பட்டு 2021 அக்டோபரில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதனை வாங்கியது. ஊகித்த எழுத்து உரிய இடத்தில் இருந்தால் ஒரு நிறமும், சொல்லில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மற்றொரு நிறமும், சொல்லிலேயே இல்லையெனில் வேறொரு நிறமும் காட்டப்படும். ஆடுபவர் மனத்தில் நிகழ்வது ஒரு தொகுப்புப் பணியே. ‘ஐந்தெழுத்துடையது, இரண்டாம் எழுத்து இது, இவ்வெழுத்து எங்கேனும் வருவது, இவ்வெழுத்து வாராதது’ என நிபந்தனைகளைச் சேர்க்கச் சேர்க்கச் சொற்றொகை சுருங்குகிறது.

இவ்வகைத் தொகுப்பு புதியதன்று. 1913 டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரே குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் சொற்கள் ஒரு கட்டத்தில் சந்திக்கும்போது, சொல்லின் நீளமும் சந்திக்கும் எழுத்தின் இடமும் முன்னரே முடிவாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுத்தளவு வரிசையில் அமைந்த புதிர் அகராதிகள் இத்தேவைக்காகவே பல்கின. தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்துப் போட்டிகளும் இவ்வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டன. ஆயின், ஒரு கட்டத்தில் எதனை இடுவது என்னும் வினா தமிழில் எளிதாகத் தோன்றினும் எளிதன்று. புள்ளி பெற்ற மெய்க்குத் தனிக் கட்டம் தருவது நடைமுறையில் நிலைத்துவிட்டது. அந்நடைமுறைக்கு இலக்கண அடிப்படை உண்டா என்பது இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

ஆங்கிலத்தில் எண்ணப்படும் அலகு

ஆங்கிலச் சொற்றொகைகளில் எண்ணப்படுவது வரிவடிவமே, ஒலி எண்ணப்படுவதில்லை. வரிசையைக் குறிக்கும் ‘க்யூ’ என்னும் சொல் க்யூ, யு, ஈ, யு, ஈ என ஐந்தெழுத்தால் எழுதப்படுகிறது. ஒலிப்பில் அதற்கும் அதன் முதலெழுத்தின் பெயருக்கும் வேறுபாடில்லை. எஞ்சிய நான்கெழுத்தும் எழுத்தெண்ணிக்கையில் மட்டுமே வாழ்கின்றன. வலிமைகள் எனப் பொருள்படும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ ஒன்பதெழுத்துச் சொல். அதில் உயிரெழுத்து ஒன்றே, அசையும் ஒன்றே. பரப்பைக் குறிக்கும் ‘ஏரியா’ நான்கெழுத்துச் சொல்லாயினும் மூன்று அசையுடையது. நீளம் கூடிய சொல் ஒலிப்பில் குறுகியும், குறுகிய சொல் ஒலிப்பில் நீண்டும் நிற்கின்றன.

ஆங்கிலத்தின் ஓரெழுத்துச் சொற்கள் இதனை மேலும் தெளிவாக்கும். ஒருமைச் சுட்டாக வரும் ‘ஏ’, தன்மை ஒருமையாகிய ‘ஐ’ ஆகிய இரண்டுமே பொதுவழக்கில் உள்ளவை. விளியில் வரும் ‘ஓ’ செய்யுள் வழக்கினது. தன்மைப் பெயராகிய ‘ஐ’ ஓரெழுத்து. அதே ஒலியுடைய, கண்ணைக் குறிக்கும் சொல்லோ மூன்றெழுத்து. ஆகவே ஓரெழுத்துச் சொல் என்பது ஆங்கிலத்தில் ஒலியமைப்பின் விளைவன்று, எழுத்துக்கூட்டலின் வரலாற்று விளைவாகும்.

ஆல்பிரட் பட்ஸ் 1930களில் வடிவமைத்த ‘ஸ்கிராபிள்’ ஆட்டம் இவ்வரிவடிவ நோக்கின் முழுமையான வெளிப்பாடு. அவர் செய்தித்தாள்களில் எழுத்துகள் பயிலும் விகிதத்தை எண்ணிக் கணித்தார். அதன்படி 100 கட்டைகளில் ‘ஈ’ எழுத்துக்கு 12 கட்டைகள் உள. ‘க்யூ’, ‘இசட்’ ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கட்டையே உண்டு. அவற்றின் மதிப்பு 10. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களைப் பொருளின்றி, ஒலியின்றி, வெறும் எழுத்துக் கோவையாக மனங்கொள்ள இயலும் என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.

எழுத்து விலக்கும் இவ்வாறே. எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939இல் வெளியிட்ட ‘கேட்ஸ்பி’ புதினம் ‘ஈ’ எழுத்தை முற்றும் விலக்கி 50,000 சொற்களுக்கு மேல் எழுதப்பட்டது. விலக்கப்பட்டது ஒரு வரிவடிவம். அவ்வரிவடிவம் குறிக்கும் ஒலிகள் வேறு எழுத்துகளின் வழியே அப்புதினத்தில் வந்துகொண்டுதான் உள்ளன. தமிழ் நிரோட்டகம் இதற்கு நேர்மாறானது. இதழ் குவிந்தும் இயைந்தும் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களும் ப, ம, வ என்னும் மெய்களும் அதில் விலக்கப்படுகின்றன. சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் விலக்கப்படுவது பிறப்பிடமே. ஒன்று கண்ணுக்கு விதித்த தடை. மற்றொன்று வாய்க்கு விதித்த தடை.

ஓரெழுத்தொருமொழி

மொழிமரபில் தொல்காப்பியர் சொற்களை ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, இரண்டெழுத்தைக் கடந்து இசைக்கும் தொடர்மொழி என மூன்றாக வகுக்கிறார். நெட்டுயிர் ஏழும் தனித்து நின்று சொல்லாகும் என்றும், குற்றுயிர் ஐந்தும் அவ்வாறு சொல்நிறைவு பெறா என்றும் விதிக்கிறார். இங்கு அளவுகோல் மாத்திரை. ஆங்கில ‘ஐ’யைப் போல எழுத்துக்கூட்டலின் தற்செயல் நிகழ்ச்சிக்கு இதில் இடமில்லை.

நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகளை 42 என எண்ணித் தொகுக்கிறார். உயிர் வரிசையிலும் மகர வரிசையிலும் அவ்வாறு, த, ப, ந வரிசைகளில் ஐவைந்து, க, வ, ச வரிசைகளில் நந்நான்கு, யகர வரிசையில் ஒன்று, இவை 40. நொ, து என்னும் குறில் இரண்டும் சேர்ந்து 42. நாற்பதும் நெடிலாயிருக்க இரண்டு மட்டும் குறிலாதல், விதியும் அதன் விலக்கும் ஒருங்கே எண்ணப்பட்டுள்ளன என்பதைக் காட்டும். தொல்காப்பியர் நெட்டுயிர் ஏழினையும் கூற, நன்னூலார் உயிர் வரிசையில் ஆறே கொள்வதும் கருதத்தக்கது. ஔகாரம் தனித்துச் சொல்லாகும் ஆட்சி நன்னூலார் தொகையில் இடம்பெறவில்லை. முன்னது ஒலியமைப்பின் இயலுமையைக் கூறுகிறது. பின்னது வழக்கிலுள்ள சொற்களின் பட்டியல். இன்றைய சொற்பட்டியல்களுக்கு நெருங்கியது நன்னூலார் முறையே.

இடம் குறித்த சொற்றொகை

மொழிமுதலாகும் எழுத்துகளில் தொல்காப்பியர் உயிர் 12, க, த, ந, ப, ம என்பன எல்லா உயிரோடும் கூடி 60, சகரம் 9, வகரம் 8, ஞகரம் 3, யகரம் 1 என 93 எழுத்துகளைக் கொள்கிறார். ‘நுந்தை’ என்பதன்கண் வரும் மொழிமுதற் குற்றியலுகரத்தோடு 94 ஆகும். நன்னூல் வழி எண்ணினால் சகரம் 12 ஆகவும் யகரம் 6 ஆகவும் ஞகரம் 4 ஆகவும் பெருகி, ஙகரம் ஒன்றும் சேர்ந்து 103 ஆகும். சகரத்தோடு அ, ஐ, ஔ மூன்றும் கூடி மொழிமுதலாகா என்னும் விதிக்கு மாறாகச் ‘சகடம்’, ‘சமம்’ போன்ற சொற்கள் சங்க நூல்களிலேயே உள. ஔகாரம் ஒன்றை மட்டும் விலக்கும் பாடமும் உண்டு. அப்பாடத்தைக் கொள்வோர்க்கு 94 என்னும் எண் மாறிவிடும் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

மொழியிறுதி பற்றிய நூற்பாக்களிலேயே இக்கட்டுரைக்கு நெருங்கிய சான்றுகள் கிடைக்கின்றன. ஞகர மெய்யில் முடியும் சொல் ஒன்று (உரிஞ்), நகர மெய்யில் முடிவன இரண்டு (பொருந், வெரிந்), வகர மெய்யில் முடிவன நான்கு (அவ், இவ், உவ், தெவ்), முற்றுகரமாகிய ‘சு’வில் முடிவன இரண்டு (உசு, முசு), ‘பு’வில் முடிவது ஒன்று (தபு). மகரத்தோடு மயங்காத னகர ஈற்றுத் தொடர்மொழி ஒன்பது என்கிறார். உரையாசிரியர் எகின், செகின், விழன், பயின், குயின், அழன், புழன், கடான், வயான் எனக் காட்டுவர். ‘இன்ன எழுத்தில் முடியும் சொற்கள் இவையே, இத்துணையே’ என்னும் மூடிய தொகைகள் இவை.

ஆங்கிலத்திலும் இத்தகைய மூடிய தொகை உண்டு. ஜி, ஆர், ஒய் என்னும் மூன்றெழுத்தில் முடியும் வழக்குச் சொற்கள் சினத்தையும் பசியையும் குறிக்கும் இரண்டே. மூன்றாவது எது என்னும் புதிர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பலரை அலைக்கழித்தது. அத்தொகையால் ஆங்கில இலக்கணத்தில் எவ்விளைவும் இல்லை. தொல்காப்பியரின் தொகைகள் அவ்வாறல்ல. வகர ஈற்று நான்கனுள் சுட்டு முதலாகிய மூன்றும் வல்லெழுத்து வரின் ஆய்தமாகத் திரியும் (அஃகடிய). ‘தெவ்’ உகரம் பெறும் (தெவ்வுக்கடிது). தொகையில் நான்கே உள என்று அறிந்தபின்தான் இவ்விரு விதிகளும் அவ்வீற்றை முற்றும் தழுவிவிட்டன என்று கூற இயலும். னகர ஈற்று ஒன்பதும் அத்தகையனவே. நிலம் – நிலன், கலம் – கலன் என ஈறு மயங்கும் பெருவழக்கிற்கு எல்லை கட்டுவதற்காக அவை எண்ணப்பட்டன. எண்ணிக்கை இங்கே விதியின் ஆட்சியெல்லை.

ஒற்று எண்ணப்படுமா?

செய்யுளியலில் தொல்காப்பியர் விடை ஐயத்திற்கு இடமற்றது. 4 முதல் 6 எழுத்து வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை அளவடி, 15 முதல் 17 வரை நெடிலடி, 18 முதல் 20 வரை கழிநெடிலடி என வகுத்து, உயிரில்லாத எழுத்துகள் இயக்கமின்மையால் எண்ணப்படா என்று காரணமும் கூறுகிறார். பிற்காலக் கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடி 17 எழுத்தும் பெறும் என்பதும் ஒற்று நீக்கிய கணக்கே.

இக்கணக்கை மொழிமரபின் மூவகைச் சொற்களுக்கும் பொருத்தும் முறை உரைமரபில் காணப்படுகிறது. அம்முறையில் ‘அகத்தியனார்’ ஐந்தெழுத்தாகவும் ‘திருச்சிற்றம்பலம்’ ஆறெழுத்தாகவும் ‘பெரும்பற்றப்புலியூர்’ ஏழெழுத்தாகவும் எண்ணப்படும். இப்பொருத்தம் எழுத்ததிகாரத்தின் அகச்சான்றுகளோடு முரண்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்சான்று குற்றியலுகரப் புணரியலில் உள்ளது. அங்குக் குற்றியலுகர ஈற்றுச் சொற்கள் ஈரெழுத்தொருமொழி, உயிர்த்தொடர், இடைத்தொடர், ஆய்தத்தொடர், வன்றொடர், மென்றொடர் என ஆறாகப் பகுக்கப்படுகின்றன. ‘நாகு’ ஈரெழுத்தொருமொழி, ‘வரகு’ உயிர்த்தொடர், ‘தெள்கு’ இடைத்தொடர், ‘எஃகு’ ஆய்தத்தொடர், ‘கொக்கு’ வன்றொடர், ‘குரங்கு’ மென்றொடர். ஒற்றும் ஆய்தமும் எண்ணப்படாவிடின் தெள்கு, எஃகு, கொக்கு ஆகிய மூன்றும் ஈரெழுத்தொருமொழிகளாகிவிடும். ஈரெழுத்தொருமொழி என்னும் பெயரே வகைபிரிக்கும் ஆற்றலை இழந்துவிடும். ‘தொடர்’ என்னும் பெயர்கள் ஈற்றயலெழுத்து நோக்கி இடப்பட்டவை, எழுத்தெண்ணிக்கை நோக்கியவை அல்ல என்று மறுக்கலாம். அம்மறுப்பு எஞ்சிய ஐந்திற்கும் பொருந்தும். முதல் வகைக்குப் பொருந்தாது. ஏனெனில் அதன் பெயரே ஓர் எண்.

இரண்டாம் சான்று மேற்காட்டிய ஒன்பது சொற்கள். எகின், பயின், குயின் முதலியவற்றை ஒற்று நீக்கி எண்ணினால் அவை ஈரெழுத்தே. நூற்பாவோ அவற்றைத் தொடர்மொழி என்கிறது. ஒற்றைச் சேர்த்து மூவெழுத்தாகக் கொண்டால்தான் ‘இரண்டிறந்து இசைத்தல்’ என்னும் வரையறைக்குள் அவை அடங்கும். இவ்விரு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவை. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இதனுடன் மூன்றாவதாக ஓர் அலகும் எழுத்ததிகாரத்தில் செயற்படுகிறது. உயிர்மெய் ஈறு உயிரீறாகவே கொள்ளப்படும் என்னும் புணரியல் விதிப்படி ‘பலா’ ஆகார ஈறு. இங்கு ‘லா’ என்பது ஓரெழுத்தன்று. லகர மெய்யும் ஆகார உயிரும். ஆகவே ஒரே நூலுள் ஈற்றுக்கு ஒலியனும், சொல்வகைக்கு ஒற்றோடு கூடிய எழுத்தும், அடிக்கு உயிருடைய எழுத்தும் அலகாகின்றன. ‘கொற்றன்’ என்னும் சொல் முதல் முறையில் ஆறு, இரண்டாம் முறையில் நான்கு, மூன்றாம் முறையில் இரண்டு. இதனை முரண் எனக் கொள்ள வேண்டியதில்லை. புணர்ச்சியில் ஒற்றே திரிபுக்கு இடமாவது. செய்யுளிசையில் அது முன்னெழுத்தில் அடங்குவது. அலகைப் பயன் தீர்மானிக்கிறது. செய்யுளியல் எண்ணுமுறையை மொழிமரபிற்கு ஏற்றிய உரைநெறி இப்பயன் வேறுபாட்டைக் கருதவில்லை.

நிகண்டும் தொடையும்

எதுகை இச்சிக்கலை ஓரடிக்குள்ளேயே நிகழ்த்திக் காட்டுகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. முதலெழுத்துகள் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவொத்திருத்தல் வேண்டும். ‘கற்று’ என்பதற்குப் ‘பெற்று’ எதுகையாவது றகர ஒற்றால். அதே அடி கட்டளைக் கலித்துறையாயின், எதுகைக்கு இரண்டாம் எழுத்தாக நின்ற அவ்வொற்று அடியெண்ணிக்கையில் இல்லாமற் போகிறது. புலவர் ஒரே மூச்சில் இரு கணக்கும் வைத்துள்ளனர்.

இரண்டாம் எழுத்து வழியே சொல்லைத் தேடும் கருவியும் தமிழில் இருந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் ஒருசொற்பல்பொருட் பெயர்த்தொகுதியாகிய பதினோராம் தொகுதி ககர எதுகை முதலாக எதுகை முறையில் அடுக்கப்பட்டுள்ளது. முதலெழுத்து வரிசையைச் சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு கொண்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை என்பவற்றோடு தொடைக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியது. முதலெழுத்து வரிசையே இயல்பானது, எதுகை வரிசை செயற்கையானது என்று இன்று தோன்றுவது அச்சு அகராதிப் பழக்கத்தால்தான். செய்யுள் இயற்றுவோர்க்குத் தேவைப்பட்டது இரண்டாம் இடம். ‘வேர்டில்’ ஆடுபவர் இரண்டாம் கட்டத்தை நிறுத்தி மற்றவற்றைத் தேடும் அதே தேவை.

ஒருங்குறியில் எழுத்தெண்ணிக்கை

ஒருங்குறி முறையில் அகரம் ஏறிய மெய்க்கு ஒரு குறியீடு. பிற உயிர்மெய்க்கு மெய்யுருவும் உயிர்க்குறியுமாக இரண்டு. புள்ளி மெய்க்கும் இரண்டு. குறியீட்டெண்ணிக்கையை எழுத்தெண்ணிக்கையாகக் கொள்ளும் தேடலில் ‘மூன்று’ என்று கேட்டால் ‘கலை’, ‘பணி’ என்னும் ஈரெழுத்துச் சொற்கள் வரும், ‘மரம்’, ‘மகள்’ வாரா, ‘அகல’ வரும். ‘தமிழ்’ என்பதற்குக் குறியீடும் ஐந்து, ஒலியனும் ஐந்து. ஆயினும் இவ்வொப்புமை போலியானது. ஒலியனாகிய அகரத்திற்குக் குறியீடு இல்லை. ஒலியற்ற புள்ளிக்குக் குறியீடு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகை ஈடுசெய்துவிடுகிறது. ‘அம்மா’வில் குறியீடு ஐந்து, ஒலியன் நான்கு என உண்மை வெளிப்படும். மேலும் ‘கொ’ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடாகவும் உள்ளிட இயலும். திரையில் வேறுபாடு தெரியாது, எண்ணிக்கையில் தெரியும். தரவகத்தைக் கொண்டு ‘மூவெழுத்துச் சொற்கள் இத்துணை’ என்று முடிவு கூறும் ஆய்வு, எவ்வலகில் எண்ணியது என்று கூறாவிடின் அவ்வெண்ணைச் சரிபார்க்கவே வழியில்லை.

அலகைச் சரிசெய்தபின்னும் எஞ்சும் ஒரு சிக்கலை உகர ஈறு காட்டும். முற்றியலுகரத்திற்கும் குற்றியலுகரத்திற்கும் குறியீட்டு வேறுபாடு இல்லை. ‘சு’ ஈற்றுச் சொற்களைத் தேடினால் காசு, அரசு, முரசு, பரிசு என்பன முசுவோடு கலந்தே வரும். தொல்காப்பியரின் இருசொல் தொகையைப் பிரித்தெடுக்க, ‘ஈரெழுத்து, முதலெழுத்து குறில், ஈற்றெழுத்து சு’ என நீளமும் எழுத்தும் இடமும் சேர்ந்த நிபந்தனை வேண்டும், தனிக்குறிலை அடுத்த வல்லின உகரம் குறுகாது என்பதே அதன் இலக்கணப் பொருள். அந்நிபந்தனையை இன்றைய அகராதிச் சொற்கள்மேல் செலுத்தினால் உசு, முசு ஆகியவற்றோடு பசு, சிசு, கொசு என்பனவும் கிடைக்கும். பசுவும் சிசுவும் வடசொல் வழி வந்தவை. தொல்காப்பியரின் தொகைக்கு அவை புறம்பாவதில் வியப்பில்லை. கொசுவுக்கு அவ்விளக்கம் பொருந்தாது. அதற்குக் ‘கொசுகு’ என்னும் வடிவம் அகராதிகளில் பதிவாகியுள்ளது. அவ்வடிவம் மூவெழுத்து, ஈறு ‘கு’, உகரம் குற்றியலுகரம். அது ‘வரகு’ போன்ற உயிர்த்தொடர் வகையில் அடங்கும். ‘சு’ ஈற்றுத் தொகைக்குள் வாராது.